அப்பச்சிக்குச் சரி, தம்பிக்கு இப்போது வேண்டாம்: மூளைக்குள் கம்பி வைக்கும் சிகிச்சை பற்றி

ஆச்சி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். அப்பச்சிக்கு, அதாவது உங்கள் அப்பாவுக்கு, 66 வயது. 11 வருஷமாகப் பார்க்கின்சன் என்ற நடுக்கமும் விறைப்பும் தரும் நரம்பு நோய். முன்பு நாளுக்கு மூன்று சின்டோபா மாத்திரை போதுமாக இருந்தது, இப்போது ஏழு போட்டும் நடுநடுவே கட்டை மாதிரி ஆகிவிடுகிறார். கையெழுத்து சுருங்கிச் சுருங்கி, போன மாதம் பாங்கில் செக்கையே திருப்பிவிட்டார்கள். சென்னை டாக்டர் டி.பி.எஸ். செய்யலாம் என்கிறார், அதாவது மூளைக்குள் கம்பி வைத்து மின்சாரம் விடும் ஆபரேஷன். தம்பிக்கு ஒன்பது வருஷமாக மனச்சோர்வு. அவருக்கும் இதே ஆபரேஷன் பலன் தரும், ஆய்வில் சேர்ந்தால் செலவே இல்லை என்று உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். கானாடுகாத்தான் வீட்டில் உங்கள் பங்கை விற்று இரண்டு பேருக்கும் செய்துவிடலாமா என்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்கிறேன். அப்பச்சிக்கு, ஒரு பரிசோதனையில் தேறினால், தாராளமாகச் செய்யலாம். தம்பிக்கு இப்போது வேண்டாம். இரண்டிலும் வைக்கப்போவது ஏறத்தாழ ஒரே கம்பி, ஒரே பேட்டரி. ஆனால் ஒன்று நிரூபணமான சிகிச்சை, இன்னொன்று இன்னும் ஆராய்ச்சி. உறவினர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்.

நான் டாக்டர் இல்லை. காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) பி.டெக் படித்துவிட்டு, இருபது வருஷத்துக்கு மேல் வெளியூர் ஆஸ்பத்திரிகளில் இந்தக் கருவிகளுக்கு புரோகிராமிங் செய்யும், அதாவது மின்சார அளவைச் சரிசெய்யும், குழுக்களிலும், மருத்துவ ஆய்வுகளின் தரவு வேலையிலும் இருந்தவன். இப்போது கோட்டையூரில் இருக்கிறேன். முடிவெடுக்க வேண்டியது உங்கள் நரம்பியல் டாக்டரோடு உட்கார்ந்துதான். அவரிடம் என்ன கேட்பது என்பதற்கு இது உதவும்.

முதலில் அந்த ஏழு மாத்திரை விஷயம். பார்க்கின்சனில் நடுமூளையில், அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் வருஷக்கணக்கில் செத்துக்கொண்டே வருகின்றன. சின்டோபாவில் இருக்கும் லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. (நம் பக்கத்து வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலும் இதே லெவோடோபா இருக்கிறது. அதற்காக நாட்டு மருந்துக் கடைக்குப் போய்விடாதீர்கள். எந்த விதையில் எவ்வளவு இருக்கும் என்று அளவு சொல்ல முடியாது, மாத்திரையோடு சேர்ந்தால் சிக்கல்.) ஆரம்பத்தில் மிச்சமிருக்கும் செல்கள் அதை வாங்கி, வைத்து, நிதானமாகச் செலவு செய்யும். குதிரில் நெல் இருக்கிற வீடு மாதிரி. செல்கள் குறையக் குறையக் குதிர் இல்லாத வீடாகிறது. மாத்திரை ஏறினால் ஆட்டம், இறங்கினால் கட்டை. கையும் கழுத்தும் தானாக நெளிகிறது என்று எழுதியிருந்தீர்களே, அது நோய் இல்லை, மருந்து உச்சத்தில் இருக்கும்போது வருவது. இந்த ஏற்ற இறக்கம்தான் டி.பி.எஸ்-க்கு முக்கியமான காரணமே.

கறிக்குழம்பு வைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியான மாத்திரை வேலையே செய்வதில்லை என்று போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். அது கற்பனை இல்லை. குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போகும் வாசலில் லெவோடோபாவும் புரதமும் முட்டிக்கொள்கின்றன. சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரை கொடுத்துப் பாருங்கள், கறியை ராத்திரிக்குத் தள்ளுங்கள். சில பேருக்கு இதிலேயே நாளுக்கு ஒன்றிரண்டு நல்ல மணி நேரம் திரும்பக் கிடைக்கும். ஆபரேஷன் பற்றிப் பேசுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

சரி, கம்பி விஷயத்துக்கு வருவோம்.

நடுக்கத்தை நிறுத்த மூளைக்குள் ஒரு சின்ன இடத்தைச் சுட்டு அழிப்பது பழைய முறை. தலையில் உலோகச் சட்டம் மாட்டி, அளவெடுத்து, மில்லிமீட்டர் கணக்கில் ஊசியை இறக்குவார்கள். 1950-60களில் உலகம் முழுக்க நடந்தது. சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்ரமணியம், டி.எஸ். கனகா ஆகியோர் இந்த வகை அறுவையில் பேர் வாங்கியவர்கள். கனகா ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவர். அழித்த இடத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதுதான் இந்த முறையில் இருந்த பெரிய குறை. இரண்டு பக்கமும் சுட்டால் பேச்சு குழறிப்போகும்.

1987இல் பிரான்சின் கிரனோபில் நகரத்தில் அலிம் லூயி பெனாபிட் என்ற அறுவை நிபுணர் கவனித்தது இதுதான்: சுடுவதற்கு முன் இடம் சரியா என்று பார்க்க மெல்லிய மின்சாரம் விடுவார்கள், நொடிக்கு 100 துடிப்புக்கு மேல் விட்டால் சுடாமலேயே நடுக்கம் நின்றது. நிறுத்தினால் திரும்ப வந்தது. அப்படியானால் சுடுவானேன், கம்பியை உள்ளேயே விட்டுவிட்டால் என்ன? அங்கே ஆரம்பித்தது இது. இன்னொரு பக்கம் அமெரிக்காவில் மேலன் டிலாங் குழுவினர், பார்க்கின்சன் வரவழைத்த குரங்குகளில் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற இடத்தை முடக்கினால் விறைப்பும் மந்தமும் குறைகின்றன என்று 1990இல் காட்டினார்கள். இரண்டும் சேர்ந்து 1993இல் அந்த இடத்தில் முதல் கம்பி. 2014இல் இந்த இரண்டு பேருக்கும் லாஸ்கர் விருது. அமெரிக்காவில் நடுக்கத்துக்கு 1997இலும் பார்க்கின்சனுக்கு 2002இலும் அனுமதி கிடைத்தது.

அந்தச் சப்தலாமிக் நியூக்ளியஸ் ஒரு மொச்சைக்கொட்டை அளவுகூட இராது. கம்பியின் குறுக்களவு 1.27 மில்லிமீட்டர், நுனியில் பிளாட்டினம்-இரிடியம் வளையங்கள். சிக்ரியில் படித்தவன் என்பதால் இந்த ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன். உப்புத் தண்ணீரில் இரண்டு கம்பியை வைத்துக் கரண்ட் விட்டால் குமிழி வரும், கம்பி அரிக்கும், தண்ணீர் அமிலமாகும் என்று எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தார்கள். மூளையும் உப்புத் தண்ணீர்தான். அப்படியானால் பத்து வருஷம் கரண்ட் விட்டும் அங்கே ஏன் புண்ணாவதில்லை? ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் அதே அளவு மின்னேற்றத்தை எதிர்த்திசையில் திருப்பி எடுத்துவிடுகிறார்கள். கொடுத்ததும் வாங்கியதும் ஒரு பைசா பிசகாமல் நேராக வேண்டும், நம் ஊர்ப் பேரேடு மாதிரி. துடிப்பின் நீளம் நொடியில் பத்து லட்சத்தில் 60 பங்கு, நொடிக்கு 130 துடிப்பு. சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மின்னேற்றத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பும் உண்டு, மீறினால் அளவை வைக்கும் கருவியான புரோகிராமர் எச்சரிக்கும். நரம்பியலில் சாதித்தது என்று எல்லோரும் பேசுவதற்குப் பின்னால் இந்த மின்வேதியியல் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வரவழைத்த நிறுவனத்தில் நாங்கள் கற்றது இந்தப் பாடத்தைத்தான்.

இப்போது ஆதாரம். எந்தச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னாலும் நான் கேட்கிற முதல் கேள்வி: எதோடு ஒப்பிட்டார்கள்? செய்துகொண்டவர் நன்றாக இருக்கிறார் என்பது மட்டும் போதாது. பார்க்கின்சனில் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. 2006இல் ஜெர்மனி, ஆஸ்திரியா மையங்கள் சேர்ந்து 156 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். பாதிப் பேருக்குக் கம்பி, பாதிப் பேருக்கு அதுவரை இருந்ததில் சிறந்த மருந்து. ஆறு மாதத்தில் கம்பி வைத்தவர்களின் வாழ்க்கைத் தரம் சுமார் 25 சதவீதம் கூடியது, மருந்துக் குழுவில் ஏறத்தாழ மாற்றமே இல்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் மறைக்காமல் எழுதியது: கடுமையான பாதகங்கள் கம்பிக் குழுவில் 13 சதவீதம், மருந்துக் குழுவில் 4 சதவீதம், ஒருவர் மூளையில் ரத்தக்கசிவால் இறந்தார்.

2009இல் அமெரிக்காவில் 255 பேர். கம்பி வைத்தவர்களுக்கு, தொல்லை தரும் நெளிவு இல்லாமல் நன்றாக நடமாடும் நேரம் நாளுக்கு 4.6 மணி கூடியது. மருந்துக் குழுவில் பூஜ்யம். எனக்கு மிகவும் பிடித்த எண் இது. 4.6 மணி நேரம் என்றால் ஒரு ஆள் காலையில் தானே குளித்து, குன்றக்குடி போய்ச் சாமி கும்பிட்டு, மத்தியானம் தன் கையால் சாப்பிட்டு முடிக்கிற நேரம். 2013இல் 251 பேரை வைத்து, நோய் வந்து சராசரி ஏழரை வருஷம் ஆனவர்களுக்கே செய்து பார்த்தார்கள், அவர்களுக்கும் பலன் இருந்தது. ஆக, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் போகிற ஆபரேஷன் என்ற நினைப்பு மாறியது. அப்பச்சிக்கு 11 வருஷம். காலம் கடந்துவிடவில்லை.

அந்த ஒரு பரிசோதனை என்ன என்றால், முந்தின ராத்திரியிலிருந்து மாத்திரையை நிறுத்தி, காலையில் கை, கால், நடை, எழுந்திருப்பது எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். அப்புறம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக லெவோடோபா கொடுத்து, அது ஏறியதும் மறுபடி மதிப்பெண். குறைந்தது 30 சதவீதமாவது தேறினால்தான் அடுத்த பேச்சு. விதி எளிது: மாத்திரை நல்ல நேரத்தில் எதைச் சரி செய்கிறதோ, அதைத்தான் கம்பியும் சரி செய்யும், நாள் முழுக்கச் சீராக. மாத்திரைக்கு அடங்காததைக் கம்பியும் அடக்காது. நடுக்கம் மட்டும் இதற்கு விலக்கு. மாத்திரைக்கு நிற்காத நடுக்கம்கூடக் கம்பிக்கு நிற்கலாம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சித்தப்பா. அவருக்கு வியாதி வந்த ஒரு வருஷத்துக்குள்ளேயே பின்பக்கமாக விழ ஆரம்பித்தார். தட்டைப் பார்த்துச் சாப்பிட முடியாது, கண் கீழே இறங்காது. மாத்திரை எதுவும் பெரிதாகக் கேட்கவில்லை. நான் அப்போது வெளியூரில் வேறு ஆய்வில் மூழ்கிக் கிடந்தேன். வீட்டில் எனக்குச் சொல்லாமலேயே ஓர் ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) அந்தப் பரிசோதனை செய்யாமலே கம்பி வைத்துவிட்டார்கள். அவருக்கு இருந்தது பார்க்கின்சனே இல்லை, பி.எஸ்.பி. என்று அதன் ஒன்றுவிட்ட உறவு போன்ற நோய். அதற்குக் கம்பி உதவாது. எட்டு மாதம் கழித்து நான் புரோகிராமரை வைத்து நான்கு முனைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். கம்பி சரியான இடத்தில், அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தது. அவர் மட்டும் அப்படியே இருந்தார். "இன்னும் கொஞ்சம் கூட்டி வையேன்டா" என்றார். கூட்ட ஒன்றும் இல்லை.

அதனால், பரிசோதனையை வீடியோவோடு செய்யும் இடத்துக்கே போங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் போன்ற இடங்களில் இதற்கென்றே தனிக் குழு இருக்கிறது. சென்னையிலும் உண்டு. இரண்டாவது கருத்துக் கேட்பதில் டாக்டர் கோபித்துக்கொண்டால், அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

எது சரியாகும், எது ஆகாது? விறைப்பு, மந்தம், நடுக்கம், நெளிவு நன்றாகக் குறையும். மாத்திரையையும் பெரும்பாலும் குறைக்க முடியும். பேச்சு தேறாது, சில பேருக்குக் கொஞ்சம் மோசமாகவும் ஆகும். மறதி, விழுங்குவதில் சிரமம், தடுமாறி விழுவது ஆகியவற்றுக்கு இது மருந்தில்லை. மறதி ஏற்கெனவே அதிகமாக இருந்தால் செய்யவே மாட்டார்கள். நோயின் ஓட்டத்தையும் இது நிறுத்துவதில்லை.

முகப்பிலிருந்து வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள், போகும் நிலைவாசலில் அப்பச்சி கால் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறார் என்றீர்கள். பார்க்கின்சன்காரர்களுக்கு வாசலும் குறுகலான வழியும் எமன். மாத்திரை நன்றாக ஏறியிருக்கும் நேரத்திலும் நிற்கிறாரா, இறங்கிய நேரத்தில் மட்டும் நிற்கிறாரா என்று கவனித்து எழுதுங்கள். இறங்கிய நேரத்தில் மட்டும் என்றால் கம்பியால் தேறும். ஏறிய நேரத்திலும் என்றால் தேறுவது கஷ்டம். இதற்கிடையில் ஒரு வழி இருக்கிறது. நடை நின்றவர்களுக்குத் தரையில் கோடு தெரிந்தால் கால் எழும்பும். உங்கள் வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது என்றால், "அடுத்த சிவப்புக் கட்டத்தில் காலை வையுங்கள் அப்பச்சி" என்று சொல்லிப் பாருங்கள். வெறும் சிமெண்டுத் தரையாக இருக்கும் நிலைவாசல் பக்கம் கலர் டேப்பைக் குறுக்கே ஒட்டுங்கள். செலவு முப்பது ரூபாய்.

ஆபரேஷன் அன்று பெரும்பாலும் விழித்த நிலையில்தான் இருப்பார். தலையில் சட்டம், மரத்துப்போக ஊசி, மண்டையோட்டில் ஒரு சின்ன துளை. மூளைக்கு வலி தெரியாது. முதலில் முடியைவிட மெல்லிய நுனி கொண்ட ஊசி இறங்கும், நரம்புச் செல்களின் சத்தத்தை ஸ்பீக்கரில் கேட்பார்கள். மேலே இருக்கும் பகுதிகளில் அமைதி, இங்கொன்று அங்கொன்றாகப் படபடப்பு. சரியான இடத்துக்குள் நுழைந்ததும், காய்ந்த எண்ணெயில் வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு விட்டதும் எழும் சத்தம் மாதிரி சடசடவென்று கேட்கும். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அந்த நொடியில் மூச்சு நிற்கும். அப்புறம் நிரந்தரக் கம்பி. கழுத்துத் தோலுக்கடியில் ஒயர் இறங்கி, காறை எலும்புக்குக் கீழே பேட்டரி.

முதல் வாரம் பல பேருக்கு எல்லாம் பிரமாதமாக இருக்கும், மின்சாரமே விடாமல். அதைப் பார்த்து பொங்கல் வைத்துவிடாதீர்கள். கம்பி நுழைந்த வீக்கத்தால் வரும் தற்காலிகப் பலன் அது, சில வாரத்தில் வடிந்துவிடும். உண்மையான வேலை அதற்குப் பிறகு புரோகிராமிங்கில், மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை. எனக்கு மறக்காத ஒருவர், பள்ளத்தூர்ப் பக்கத்து ஆச்சி, நடுவீட்டுக் கோலம் போடுவதில் கெட்டிக்காரராம். மற்றவர்களுக்கெல்லாம் சுருள் வரையச் சொல்வோம், இவருக்குப் புள்ளி வைக்கச் சொன்னேன். 1 மில்லியாம்பியரில் புள்ளிகள் கடுகு சிதறின மாதிரி. 2இல் வரிசை வந்தது. 2.5இல் இழை இழுத்தார், சுழி திரும்பும் இடத்தில் கை நடுங்கவில்லை. 3க்குப் போனதும் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பக்கத்தில் இருக்கும் நரம்புப் பாதையில் கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். 2.4இல் நிறுத்தினோம். கோலத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார், எங்களிடம் நகல்கூட இல்லை.

இந்த வேலைக்கு ஆள் இல்லாத இடத்தில் ஆபரேஷன் செய்துகொள்ளக் கூடாது. எத்தனை ஆபரேஷன் செய்தீர்கள் என்று கேட்பதோடு, புரோகிராமிங் யார் செய்வார், மாதம் ஒருமுறை காரைக்குடியிலிருந்து வந்தால் அவர் இருப்பாரா என்றும் கேளுங்கள்.

ஆபத்துகள்: ரத்தக்கசிவு நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு, கிருமித்தொற்று அதைவிடக் கொஞ்சம் அதிகம். தொற்று வந்தால் சில சமயம் கருவியை எடுக்க வேண்டிவரும். பிசியோதெரபியில் டயாதெர்மி என்று சூடு வைக்கும் மெஷினை அவர் மேல் எங்கும் வைக்கவே கூடாது. கம்பி நுனி சூடேறி உயிருக்கே ஆபத்து. எம்.ஆர்.ஐ. எடுக்கவும் கருவியின் அட்டையைக் காட்டிக் கேட்ட பிறகுதான். செலவு பத்து லட்சத்தை ஒட்டி வரும், ரீசார்ஜ் பேட்டரி என்றால் அதற்கும் மேல். சாதாரண பேட்டரி மூன்றிலிருந்து ஐந்து வருஷம், பிறகு மாற்ற வேண்டும். வீட்டுப் பங்கை விற்பதானால் இந்த இரண்டாவது பேட்டரியையும் கணக்கில் எழுதிவிட்டு விற்கவும்.

தம்பிக்கு வருகிறேன்.

பார்க்கின்சன் கம்பிக்கும் மனசுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது 1999இலேயே திகைப்பாகத் தெரிந்தது. பாரிசில் 65 வயதுப் பெண் ஒருவருக்கு முனைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குறிப்பிட்ட கீழ் முனையில் மின்சாரம் விட்டதும் சாய்ந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தார், வாழ்க்கையே வேண்டாம் என்றார். முன்பு மனச்சோர்வே வராதவர். நிறுத்தி 90 நொடிக்குள் பழைய ஆளாகிவிட்டார். மில்லிமீட்டர் தள்ளினால் மனசு மாறுகிறது! அப்படியானால் சோர்வைப் போக்கவும் ஓர் இடம் இருக்குமே என்ற ஆசை வருவது இயல்புதானே.

நரம்பியல் நிபுணர் ஹெலன் மேபெர்க், ஸ்கேன்களை வைத்து, மூளையின் முன்பகுதியில் 25 என்று எண் கொடுக்கப்பட்ட பகுதி கடும் சோர்வில் அளவுக்கு மீறி ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டவர். டொரன்டோவில் அவரும் அறுவை நிபுணர் ஆண்ட்ரெஸ் லொசானோவும் சேர்ந்து, எந்த மருந்துக்கும் கேட்காத 6 பேருக்கு அங்கே கம்பி வைத்தார்கள். 2005இல் வெளியானது. ஆறு மாதத்தில் 4 பேர் தேறியிருந்தார்கள். உலகமே எழுந்து உட்கார்ந்தது. உங்கள் உறவினர் கேள்விப்பட்டதும் அந்த அலையின் எச்சமாகத்தான் இருக்கும்.

ஆனால் அங்கே ஒப்பீடு இல்லை. ஒப்பிட்டபோது என்ன ஆயிற்று? பிராடன் என்ற பெரிய ஆய்வில் 90 பேருக்கும் கம்பி வைத்தார்கள். 60 பேருக்கு மின்சாரம், 30 பேருக்கு ஆறு மாதம் வரை மின்சாரம் இல்லை, யாருக்கு எது என்று நோயாளிக்கும் மதிப்பிடுபவருக்கும் தெரியாது. பலன் கண்டவர்கள் மின்சாரக் குழுவில் 20 சதவீதம், இல்லாத குழுவில் 17 சதவீதம். இடைக்கணக்குப் பார்த்தபோதே இது தேறாது என்று 2013இல் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள், முழு முடிவு 2017இல் வந்தது. வேறோர் இடத்தில் கம்பி வைத்த 30 பேர் ஆய்வும் 2015இல் இதே கதை, மின்சாரம் உள்ளவர்களில் 20 சதவீதம், இல்லாதவர்களில் 14 சதவீதம்.

அப்படியானால் பொய்யா என்றால் அதுவும் இல்லை. பிராடனில் இருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது இரண்டு வருஷத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் தேறியிருந்தார்கள். வருஷக்கணக்கில் எதற்கும் அசையாத சோர்வு சும்மா விட்டால் அப்படித் தேறுவது அபூர்வம். நெதர்லாந்தில் 2016இல் வந்த ஆய்வு வரிசையை மாற்றிப் போட்டது. 25 பேருக்கும் முதலில் ஒரு வருஷம் வரை பொறுமையாக அளவு சரி செய்தார்கள், 10 பேர் நன்றாகத் தேறினார்கள். அதன் பிறகு 16 பேருக்குச் சொல்லாமல் மின்சாரத்தை மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தபோது, நிறுத்திய காலத்தில் சோர்வு தெளிவாகக் கூடியது. 2023இல் 10 பேரில் 9 பேர் தேறியதாக வந்த இன்னொன்றில், கம்பி வழியே மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து, தேறுவதற்கென்று ஒரு அடையாளம் இருப்பதாகக் காட்டினார்கள். மிக முக்கியமான வேலை. ஆனால் அதிலும் ஒப்பீட்டுக் குழு இல்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பார்க்கின்சனில் கரண்டைக் கூட்டினால் ஒரு நிமிஷத்தில் கை சொல்லிவிடும், கோலம் சொல்லிவிடும். சோர்வில் ஒரு மாற்றம் தெரிய வாரங்கள், மாதங்கள். ஒவ்வொருவருக்கும் நரம்புப் பாதை ஒரு சில மில்லிமீட்டர் தள்ளி ஓடுகிறது. ஆறு மாத ஆய்வு அதற்குப் போதவில்லை. ஆகவே, இது ஒருநாள் நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நினைப்பது வேறு, உங்கள் தம்பி தலையில் துளை போடுவது வேறு.

இன்னும் ஒன்று. கம்பி வைத்தவர்களில் தற்கொலை முயற்சி பற்றித் தனியாகவே கவனிக்கிறார்கள். 5,000க்கும் மேற்பட்ட பார்க்கின்சன் கம்பிக்காரர்களைப் பார்த்த ஆய்வில், 0.9 சதவீதம் பேர் முயன்றிருந்தார்கள், 0.45 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அப்பச்சி விஷயத்திலும் இதை நினைவில் வையுங்கள், முக்கியமாக முதல் வருஷம். மாத்திரையைச் சட்டென்று குறைத்தால் உடம்பு நன்றாக இருக்கும்போதே ஆள் எதிலும் பிடிப்பில்லாமல் போகலாம். அப்படிப் போனால் "வயசாச்சு" என்று விடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சட்டத்தையும் சொல்கிறேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 96ஆம் பிரிவுப்படி, மனநோய்க்காக மூளை அறுவை செய்ய நோயாளி தானே விளங்கிக்கொண்டு தரும் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். நீங்கள் அக்காவாக இருந்தாலும் உங்கள் கையெழுத்து அங்கே செல்லாது. இப்படி ஒரு பூட்டு இருப்பது நல்லதுதான். 1960-70களில் ஆக்ரோஷத்தை அடக்க மூளையில் சுடும் அறுவைகள் உலகத்தில் பல இடங்களில் நடந்தன, சென்னையிலும் நடந்தன. யாருக்காக, யாருடைய விருப்பத்தில் என்ற கேள்வி அப்போது போதுமான அளவு கேட்கப்படவில்லை.

எங்காவது ஆய்வில் சேரச் சொன்னால், சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பிறகு, ஒப்பீட்டுக் குழு உண்டா, மின்சாரம் இல்லாத குழுவில் விழுந்தால் எத்தனை மாதம், நடுவில் விலகலாமா என்று கேளுங்கள். கடைசியாக எல்லோரும் கேட்க மறக்கும் ஒன்று: ஆய்வு முடிந்த பிறகு பேட்டரி தீர்ந்தால் யார் மாற்றித் தருவார்? "இலவசம்" என்ற சொல் எந்தத் தேதியில் முடிகிறது என்பது எழுத்தில் வேண்டும். தேறிய ஆளுக்குப் பணமில்லாமல் பேட்டரி நின்றுபோவது, தேறாமலே இருப்பதைவிடக் கொடுமை.

அதற்கு முன்னால் தம்பிக்குச் செய்யப்படாதது நிறைய இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஒன்பது வருஷத்தில் மூன்று மாத்திரைதான் மாற்றியிருக்கிறார்கள், ஒன்றைக்கூட முழு அளவில் இரண்டு மாதம் தொடரவில்லை. லித்தியம் சேர்த்துப் பார்க்கவில்லை. பேச்சு வழிச் சிகிச்சை இல்லை. ஆர்.டி.எம்.எஸ். என்று தலைக்கு வெளியே காந்தத் துடிப்பு கொடுக்கும் முறை இல்லை. ஷாக் ட்ரீட்மென்ட் என்றதும் ஆத்தா அழுதுவிட்டார்கள் என்று நிறுத்தியிருக்கிறீர்கள். ஆத்தாவிடம் சொல்லுங்கள்: இப்போது மயக்க மருந்து கொடுத்து, தசை தளரும் ஊசி போட்டுத்தான் செய்கிறார்கள், சினிமாவில் காட்டுவது மாதிரி இல்லை. கடும் சோர்வுக்கு நம்மிடம் இருப்பதில் மிக வலுவான சிகிச்சைகளில் ஒன்று அது. கொஞ்ச நாள் மறதி வரும், அதையும் மறைக்க வேண்டாம். மூளைக்குள் கம்பி வைக்கத் தயாராக இருக்கும் வீடு இதற்குப் பயப்படுவது எனக்கு விளங்கவில்லை, கோபிக்காதீர்கள்.

"இருந்து என்ன செய்ய" என்று தம்பி இரண்டு முறை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது ஆய்வு வரும்வரை காத்திருக்கும் விஷயம் இல்லை. இந்த வாரமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ராத்திரியில் பயமாக இருந்தால் 14416, டெலி மானஸ், அரசாங்கத்துடையது, தமிழிலும் பேசுவார்கள். அவரிடமே நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

அப்பச்சிக்கு நாளையிலிருந்து ஒரு நோட்டுப் போடுங்கள். கோடு போட்ட பழைய கணக்கு நோட்டு போதும். காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி பத்து வரை, அரை மணிக்கு ஒரு வரி: கட்டை, நல்லது, நெளிவு, தூக்கம் இவற்றில் ஏதோ ஒன்று. மாத்திரை போட்ட நேரம் ஓரத்தில், சாப்பிட்டது பக்கத்தில். மூன்று நாள். நல்ல நேரத்தில் ஒருமுறையும் கட்டையான நேரத்தில் ஒருமுறையும் அவரையே தன் பெயரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அந்த நோட்டோடு, பாங்கில் திருப்பிய செக்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் பார்க்க விரும்புவது அதைத்தான்.